ஒரு கால் எப்போதும் தரையில்

ஐயா, நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் மேஜையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். முழங்கால்தானே? நேற்றே கவனித்தேன். கேட்காமல் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. உங்கள் வயசுக்கு இது சரியாகிவிடக்கூடிய விஷயம். மாத்திரை வேண்டாம். ஓடவே வேண்டாம். வேகமாக நடந்தால் போதும்.

வேகநடை என்றால் காற்று வாங்கப் போகிற நடை இல்லை. முதுகு நிமிர வேண்டும். முழங்கையை மடக்கிக்கொள்ள வேண்டும். கை முன்னும் பின்னும் போய்வர வேண்டும், ஈ ஓட்டுகிற மாதிரி பக்கவாட்டில் ஆடக்கூடாது. அடி சின்னதாக, அடுத்தடுத்து விழ வேண்டும். குதிகால் முதலில் தரையைத் தொடும், பாதம் உருளும், கடைசியில் விரல் தள்ளும். ஈரமண்ணில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். குதிகால் பதிந்திருந்தால் சரியாக நடந்திருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் அந்தரத்தில் போனால் அது ஓட்டம். ஓடுகிறவன் ஒவ்வொரு அடிக்கும் தன் உடம்பைத் தூக்கித் தன் முழங்கால்மேலேயே போட்டுக்கொள்கிறான்.

தூக்குவதும் போடுவதும் எனக்குத் தெரியும். அப்பா கல் உடைத்தார், அம்மா அதைச் சுமந்தாள், நான் கிடங்கில் மூட்டை தூக்கினேன். லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஓடி ஏறினால் மேஸ்திரிக்குப் பிடிக்கும். அப்படி ஓடி ஏறியவர்கள் எல்லாரும் இன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறார்கள். நான் நடந்து ஏறியவன். மூட்டையை வலுவால் தள்ளக் கூடாது, ஐயா. எந்த இடத்தில் கை வைத்தால் அது தானாகப் போகும் என்று பழகிய கைக்குத் தெரியும்.

வேலையை விட்டபிறகு ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். முதலில் தையல்காரர் சேர்ந்துகொண்டார். அப்புறம் ரொட்டிக்கடைக்காரர், டீச்சரம்மா. காலையில் நான் முன்னே, மூன்று பேரும் பின்னே.

"பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்" என்பேன்.

"நான் பாடாம இருக்கறதே ஊருக்கு நல்லதுங்க" என்பார் ரொட்டிக்கடைக்காரர். டீச்சரம்மா சிரித்துச் சிரித்து வேகத்தைக் கோட்டைவிடுவார்.

அவர்கள் எனக்கு வைத்த பெயர் கேப்டன். ஆயுசு முழுக்க என்னை 'ஏய்' என்றும் 'இந்தாப்பா' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கேப்டன் என்று ஒரு டீச்சர் கூப்பிடுவதைக் காதால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், குளிக்கிற தண்ணீர்கூட இதமாக இருக்கும்.

பிறகு என் மச்சினன் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தான். என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி. வேன் ஓட்டுகிற வேலை. தங்கமான பையன், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வந்த வாரமே எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தான். அடியில் நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். அந்த மாதிரி ஷூவை என் கால் அதுவரை பார்த்ததில்லை. ஒரே ஒரு குறை. அவன் ஓடுவான்.

"மாமா, இது என்ன நடை? வாத்து சந்தைக்குப் போற மாதிரி இருக்கு" என்றான் முதல் நாளே.

"வாத்துக்கு முழங்கால் வலி வந்து பாத்திருக்கியா மாப்ளே?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். ஆனால் மறுவாரம் தையல்காரர் அவனோடு ஒரு சுற்று ஓடிப் பார்த்தார். அடுத்து ரொட்டிக்கடைக்காரர். டீச்சரம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்லை. அவரும் புது ஷூ வாங்கிவிட்டார். நான் குதிகால், விரல் என்று சரியாக வைத்துக்கொண்டு பின்னால் வருவேன். அவர்கள் என்னை ஒரு சுற்று முந்திப் போகும்போது கை காட்டுவார்கள்.

ஒருநாள் தையல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "கேப்டன், கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார். நான் இன்னும் மெதுவாக எப்படிப் போவது என்று யோசித்தேன். அவர் பார்த்தது மச்சினனை. பிறகு என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "நீங்க பழைய கேப்டன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று பேருடைய முழங்காலை நினைத்துத்தான் கவலை வந்தது. தெரிந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

முந்தாநாள் விடிகிறவரை மழை. மற்றவர்கள் வரவில்லை. நானும் அவனும்தான். அவன் முன்னே ஓடினான், நான் பின்னே நடந்தேன். மதகுக்கு மேலே கரை குறுகலாகப் போகும், கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் உடைந்து கிடக்கிறது, எங்கும் சேறு. அங்கே அவன் கீழே விழுந்தான். ஓடுகிறவன் விழுவான், இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். மதகின் சுவரில் இறங்குவதற்கென்று பதித்த இரும்புப் படியை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று.

"மாமா, கையக் குடுங்க" என்றான்.

"பிடிச்சுக்கோ மாப்ளே. ஆளைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

கரையின் அந்தக் கோடியில் பம்ப் அறை. அங்கே காவலாளி இருப்பார், கயிறும் இருக்கும். நடந்தேன். அப்படி ஒரு நடையை நான் அதற்கு முன்னால் நடந்ததில்லை, ஐயா. முதுகு நேர், கை அளவு, மூச்சு அளவு. பேச முடிந்தது, பாட முடியவில்லை. மழை கழுவிய கரை, தண்ணீருக்கு மேலே கொக்குகள், முகத்தில் லேசான வெயில். அவசரத்தில் ஓடி நானும் வழுக்கி விழுந்தால் யாருக்கு என்ன லாபம்?

"என்ன கேப்டன், இன்னைக்குத் தனியாவா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார் காவலாளி.

கையை உயர்த்திக் காட்டினேன். அந்த வேகத்தில் வந்து சட்டென்று நிற்கக்கூடாது, இதயத்துக்குக் கெடுதல். அதனால் பம்ப் அறையை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினேன். தொடையை இழுத்துவிட்டேன், கெண்டைக்காலை இழுத்துவிட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். எல்லாம் முடிந்தபிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். பாவம் அந்த மனுஷன், டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். அவருக்கும் முழங்கால் போகப்போகிறது.

நாங்கள் போனபோது இரும்புப் படி மட்டும் இருந்தது.

வீட்டுக்காரி அவனுக்கு முட்டை அவித்து மூடி வைத்திருந்தாள். "ஏங்க, தம்பி பின்னாடி வர்றானா?" என்று கேட்டாள். இதுவரை அவன் எனக்குப் பின்னால் வந்ததே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒரு நல்லதும் நடந்தது. நேற்றுக் காலையில் மூன்று பேரும் கரைக்கு வந்தார்கள். யாரும் ஓடவில்லை. டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னது சரிதான், கேப்டன்" என்றார். அப்புறம்தான் உங்கள் ஜீப் வந்தது.

இதென்ன, போட்டோவா? மதகுக்கு மேலே இருக்கிற சேறு. நட்சத்திரம் தெரிகிறது, என் ஷூதான். அவன் வாங்கிக் கொடுத்தது.

ஆமாம். குதிகால் பதியவில்லை. விரல் பக்கம் மட்டும் ஆழமாக இறங்கியிருக்கிறது. ஒரு தடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இவ்வளவு தூரம். நான் சொல்லிக்கொடுத்ததை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், ஐயா. சந்தோஷமாக இருக்கிறது. தையல்காரருக்கு இதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று.

அந்தக் கொஞ்ச தூரம் மட்டும்தான் ஓடினேன். அவன் மதகைத் தாண்டிவிட்டால் அப்புறம் கரை அகலமாகிவிடும். நடந்துபோய் அவனைப் பிடிக்க முடியாது. தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடம் இருக்கிறது. கை வைத்தேன், அவ்வளவுதான். வலு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மூட்டை மாதிரி தானாகப் போனான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அன்றிலிருந்து வலது முழங்காலில் எனக்கு ஒரு குத்தல். ஆயுசு முழுக்க மூட்டை சுமந்து வராத வலி. நான்தான் ஆரம்பத்திலிருந்தே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, ஓட்டம் உடம்புக்கு ஆகாது.