அடிபட்டுப் போகும் எழுத்துகள்

ஜன்னலோர மேசை எனக்கு வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். பிற்பாடு பொறாமை, அது இது என்று யாரும் கதை கட்டக்கூடாது.

கணித ஆய்வுக் கூடத்தில் எங்கள் அறைக்கு மூன்று மேசைகள். நடுமேசை என்னுடையது. ஜன்னல் பக்கம் இருந்தவருக்குத் தென்றல் என்று பெயர் வைத்திருந்தோம். வந்ததும் ஜன்னலைத் திறப்பார். கதவுப் பக்கம் இருந்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. அவன் எழுந்துபோய் அதை மூடுவான். அதனால் அவன் தாழ்ப்பாள்.

"நீங்க வேர்த்துக் கொட்டுறீங்க சார், கொஞ்சம் காத்து வரட்டும்" என்பார் தென்றல்.

"உங்க தாளெல்லாம் பறக்குது மாமா, மூடிடுறேன்" என்பான் தாழ்ப்பாள்.

நாள் முழுக்க இதே பாட்டு. நான் கோபப்பட்டதே இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

என் ஆய்வு சொற்களைப் பற்றியது. அகராதிச் சொற்கள் அல்ல, வெறும் எழுத்து வரிசைகள். தரையில் ஒரு குழி இருக்கிறது என்று வையுங்கள். அதை வலமாகச் சுற்றினால் ஓர் எழுத்து. இடமாகச் சுற்றினால் அதன் எதிரெழுத்து. வலம் சுற்றிய கையோடு இடம் சுற்றினால் நீங்கள் சுற்றவே இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டும் அடிபட்டுப் போகும். இப்படி அடித்து அடித்து, இனி அடிக்க எதுவுமில்லை என்று மிஞ்சுவதுதான் சுருக்க முடியாத சொல். நான் தேடியது அதைத்தான்.

தேற்றத்தின் கடைசி வரி மட்டும் பிடிபடாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் ஜன்னல் திறந்தது, மூடியது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. என் அறையே ஒரு சொல். அதில் ஓர் எழுத்தும் அதன் எதிரெழுத்தும் இருக்கின்றன. அடிபடாமல் இருப்பதற்குக் காரணம், நடுவே நான் உட்கார்ந்திருப்பது. அவர்கள் அடுத்தடுத்து நின்றால் போதும்.

எங்கள் நூலகத்தின் நிலவறையைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஆய்விதழ்கள் அங்கேதான் இருக்கின்றன. இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் நகரும். பக்கவாட்டில் உள்ள சக்கரத்தைச் சுற்றினால் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே வழி விடும். எதிர்ப்பக்கம் சுற்றினால் மூடிக்கொள்ளும். ஓர் இதழைத் தேடித் தர முடியுமா என்று இருவரையும் கேட்டேன். தட்டாமல் வந்தார்கள். நல்ல மனிதர்கள். குறுகலான வழியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தேடினார்கள். நடுவில் யாரும் இல்லை.

சக்கரத்தைச் சுற்றினேன்.

"சார், நாங்க உள்ளதான் இருக்கோம்" என்றார் தென்றல். அப்போதும் மரியாதை குறையவில்லை.

"மாமா, மெதுவா" என்றான் மச்சினன்.

மெதுவாகத்தான் சுற்றினேன். அது துருப்பிடித்த சக்கரம், அவசரப்பட்டால் சிக்கிக்கொள்ளும். பாதியில் இறுகியபோது காலை ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்தேன். மின்சாரம் ஏன் வீணாக வேண்டும்? கடைசி வரியை எழுதினேன். ஓர் அடித்தல் திருத்தம்கூட இல்லை.

நேற்று என் மனைவி இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"ரெண்டு பேரும் உங்களுக்காகத்தானே செஞ்சாங்க" என்றாள். "உங்களுக்கு வேர்க்குதேன்னு ஒருத்தர், உங்க தாள் பறக்குதேன்னு ஒருத்தன். அது கூடவா புரியல?"

அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். யாருக்காகச் சுற்றினார்கள் என்று குறியீடு கேட்பதில்லை. வலமா இடமா என்று மட்டுமே கேட்கும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு எப்போதுமே கணக்கு வராது.

ஆக, செய்தது நான்தான். இருவரையும் வேண்டுமென்றேதான் அங்கே அழைத்துப் போனேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைத்தால் அது நிரூபணமே ஆகாது.

ஆனால் நீங்கள் இப்போது சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது. தென்றல் போய்விட்டார், மச்சினனுக்கு மூச்சு இருக்கிறது என்கிறீர்கள். இன்று காலை கண் திறந்து பேசினான் என்கிறீர்கள். சந்தோஷம்தான், அவன் என்ன வேற்று ஆளா? ஆனால் ஓர் எழுத்தை அடித்துவிட்டு அதன் எதிரெழுத்தை அப்படியே விட்டுவைப்பது பெரிய பிழை, சார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் என் மனைவி சொல்ல மாட்டாள். நீங்களாவது சொல்லுங்கள். வார்டு எண் தெரிந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.