முதல் சாய்ஸ் வேணாம்

டவுன்ஷிப் பஸ்ஸில் என் முன் சீட்டில், ஷிப்ட் முடிந்து மைன்ஸ் யூனிஃபார்மோடு இரண்டு பேர்.

"இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல பொண்ணுக்கு முதல் சாய்ஸே வந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் ஜன்னலோரத்தவர், ஏதோ சாதித்தவர் மாதிரி.

"ஏங்க?"

"எல்லாம் கம்பெனி குவார்ட்டர்ஸ் வாங்கற கணக்குதாங்க. முதல்ல ஒதுக்குற வூட்ட வேணாம்னு சொன்னாத்தான் அடுத்த தடவ நல்ல வூடா வரும்."

"அவ முதல்ல போட்ட காலேஜவிட நல்ல காலேஜ் எங்கேருந்துங்க வரும்?"

"அதத்தான் அவளும் கேட்டுகினு அழுவுறா. அடுத்த ரவுண்டுல ஒண்ணுமே வரல."

பக்கத்தவர் மெதுவாகக் கேட்டார்.

"இப்படி வேணாம் வேணாம்னு சொல்லி, நீங்க எந்த பிளாக்குலங்க குவார்ட்டர்ஸ் வாங்கினீங்க?"

"எங்க வாங்கினேன்? இன்னும் டவுன்ஷிப்புக்கு வெளிய, வடக்குத்துல வாடகை வூடுதாங்க."