சந்தனம் பூசிய பிளேடு

அலுமினியம் அறுக்க எந்த ரம்பம் நல்லது என்று கேட்டால் பத்துக் கடைக்காரன் பத்து விதமாகச் சொல்வான் சார். என்னைக் கேட்டால், மெஷின் எதுவாக இருந்தாலும் பார்க்க வேண்டியது பிளேடைத்தான். காளவாசல் பட்டறையில் இத்தனை வருஷம் ஜன்னலும் பார்ட்டிஷனும் செய்து கற்றது அவ்வளவுதான். உட்காரலாமா? காலையிலிருந்து நிற்கிறேன்.

அலுமினிய பிளேடில் பல் பொடியாக, நெருக்கமாக, பின்பக்கம் சாய்ந்திருக்கும். மெதுவாகச் சுரண்டிக்கொண்டே இறங்கும். மரம் அறுக்கிற பிளேடில் பல் பெரிசு, முன்பக்கம் சாய்வு. அதைப் போட்டு அலுமினியத்தை அறுத்தால் துண்டைக் கவ்வி உள்ளே இழுத்துவிடும், பிடித்திருக்கிற கையையும் சேர்த்து. இரண்டும் ஒரே அளவில் கிடைக்கும், ஒரே மெஷினில் மாட்டலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அறுக்கத் தெரிந்தவன் என்னிடம் வேலை பார்த்த விருமாண்டிதான். நான் வெட்டினால் மூலையில் ஒரு நூல் இடைவெளி நிற்கும். அவன் வெட்டியதில் நகத்தால் தடவினாலும் இணைப்பு தட்டாது. மிஷன் பள்ளிக்கூடத்து ஃபாதர் போன் செய்தால் என்னைக் கேட்க மாட்டார், "விருமாண்டி வருவாரா?" என்பார். எனக்குப் பொறாமை இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

போன புரட்டாசியில் வந்து நின்றான். "அண்ணே, ஆனையூர்ல எடம் பாத்திருக்கேன். தை பொறந்ததும் தனியாப் போறேன். நீங்கதேன் வந்து வெளக்கு ஏத்தணும்."

அவன் பெண்டாட்டி முத்துத்தாய் பக்கத்தில் நின்று சிரித்தாள். சந்தோஷம்டா என்றேன். இந்த வயதில் இன்னொருத்தனை எங்கே தேடுவது, எப்படிப் பழக்குவது? நினைக்கும்போதே உடம்பெல்லாம் அசந்துபோயிற்று.

நான் கிறிஸ்தவன். பட்டறையில் ஆயுத பூஜை அவனுடையது. பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. மறுநாள் காலையில் முதல் வெட்டு அவன் வெட்டுவான். சாமி காரியம் என்று கிளாம்ப் போடாமல், சின்னத் துண்டை வெறுங்கையால் பிடித்து அறுத்துப் படத்துக்கு முன்னால் வைப்பான். எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன், கேட்க மாட்டான்.

அந்தப் பூஜைக்கு மெஷினை நானே துடைத்தேன். மர பிளேடை மாட்டினேன். பல் தெரியாதபடி சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்களே பொட்டு வச்சுட்டீகளாண்ணே? இம்புட்டு வருசத்துல இதுதாண்ணே மொதத் தடவ."

மறுநாள் நான் பக்கத்திலேயே, மெயின் ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றேன். உயிருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதல்லவா. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. துண்டால் இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆஸ்பத்திரியில் முத்துத்தாயைத் தேற்றியதும் நான்தான்.

திரும்பி வந்து பிளேடை மாற்றினேன். கழற்றியதைக் கழுவ வேண்டும் என்று நினைத்து, அலுப்பில் அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டேன். கூட்டிப் பெருக்க வந்த முத்துத்தாய் கண்ணில் பட்டு, இப்போது ஸ்டேஷனில் உங்கள் மேசையில் கிடக்கிறது.

ஆனையூர்ப் பேச்சு நின்றுவிட்டது. அவன் தினமும் பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இப்படிப் பிடிங்கண்ணே, இங்கே அளங்கண்ணே என்று சொல்லித்தருகிறான். எனக்கும் மூலை சேர ஆரம்பித்திருக்கிறது. இடது கையால் சாப்பிட அவனுக்குக் கூச்சம். மத்தியானம் சோற்றைப் பிசைந்து நானே ஊட்டிவிடுகிறேன்.

எங்கே கையெழுத்துப் போடணும், காட்டுங்கள் சார். வெளியே முத்துத்தாய் அவனைத் தோளோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றே ஒன்று, இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்க மாட்டான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?