நடுவானில் ஒரு சகன்

— மாமா, அந்தக் கம்பியப் புடிக்காதீங்க! அது நான் புடிக்கிற கம்பி.

— டேய் சுஹைபு, நீ புடிச்சா ஆடுது. நான் புடிச்சா நிக்குது.

— நீங்க புடிச்சா வண்டி கடலப் பாக்கப் போவுது. கைய எடுத்து என் இடுப்புல வைங்க.

— ஒன் இடுப்பப் புடிக்கவா சிதம்பரத்துல ஏறுனேன்? எம் பொண்ணு சமீராவக் கட்டிக்கிட்டு இதுல ஏத்தி ஊரு சுத்துவேன்னு சொன்னியே, அதான் மொதல்ல நான் ஏறிப் பாக்குறேன். நிக்காஹ் பேச்செல்லாம் உசுரோட எறங்குனாத்தான். மூணு சக்கரம், ரெண்டு சீட்டு, மேல ஒரு துணி. இது ரெக்கையா, கொசுவலையா?

— ரெக்கதான் மாமா. பெட்ரோல் கெடையாது, பொக கெடையாது. சுத்தமா பேட்டரியில பறக்குது.

— எங்கூட்டு டார்ச் லைட்டும் பேட்டரிதான். மொட்ட மாடியிலேர்ந்து வுட்டா பறக்காது, வுழும்.

— சுஹைப், சுஹைப், ஜெகன் பேசுறேன். கீழ ரோட்டுல வண்டியில வந்துகிட்டே இருக்கேன். மேல எப்பிடி இருக்குது மச்சான்? ஓவர்.

— தூக்கித் தூக்கிப் போடுது மச்சான். வெயிலு ஏறிடுச்சி. வயக்காட்டு மேல போனா தூக்குது, தண்ணி மேல போனா எறக்குது. கடக்காத்தும் கெளம்பிடுச்சி.

— பாய் எப்பிடி இருக்காரு? ஓவர்.

— யாருடா அவன், வாக்கி டாக்கியில பேச்சுக்குப் பேச்சு ஓவர் ஓவர்ங்கறான்?

— ஆரோக்கிய ஜெகன் மாமா. இந்த வண்டியில பாதி அவன் செஞ்சது.

— எந்தப் பாதி? கழண்டு வுழற பாதியா?

— ஆ! தலையில என்னமோ டங்குன்னு இடிச்சிது. மடியில என்ன மாமா வெச்சிருக்கீங்க?

— பை.

— பைக்குள்ள?

— சாமான்.

— ஏறும்போதே கேட்டேனே, ஜாஸ்தி வெயிட்டு ஏதாவது இருக்குதான்னு. இல்லன்னு தலையாட்டுனீங்க.

— சகன்டா.

— சகனா? நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்புடுற அம்மாம்பெரிய தட்டா? ஆகாசத்துல எதுக்கு மாமா சகன்?

— அது சாட்சி. ஒன் அக்கா சாய்ரா கல்யாணத்துல எனக்கு வெச்ச சகன். வரிசையா எல்லாருக்கும் வெச்சாங்க. எல்லார் சகன்லயும் கறி குமிஞ்சி கெடக்குது. எஞ் சகன்ல வெறும் சோறு. ஒன் உம்மாவோட கூடப் பொறந்த தம்பிக்கி வெறும் சோறு! அப்பிடியே தட்டோட எழுந்து வந்தவன்தான்.

— சாய்ரா புள்ள இப்பப் பள்ளிக்கூடம் போவுது மாமா. இன்னமும் நீங்க எங்க உம்மாவோட பேசல.

— எப்பிடிப் பேசுவேன்? அக்கான்னும் பாக்காம "வல்லாஹி, இனிமே ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன் லாத்தா"ன்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டேன். அல்லாஹ் மேல ஆணை. வெளையாட்டா?

— உம்மாவும் ஒரே புடியா நிக்கிறாங்க. "எந் தம்பி எங்கூட்டுக்கு வந்து ஒக்காந்து பேசுனாத்தான் சமீரா எனக்கு மருமவ"ங்கறாங்க. நீங்க போவ மாட்டேங்கறீங்க, அவுங்க வுட மாட்டேங்கறாங்க. நடுவுல நானும் சமீராவும் அந்தரத்துல தொங்குறோம்.

— இப்ப நானும்தான் தொங்குறேன்.

— ஆணைய முறிச்சா பரிகாரம் இருக்குதாமே. ஏழைங்களுக்குச் சோறு போட்டுட்டு வந்துடலாம்னு பள்ளிவாசல் ஹஜரத் சொன்னாரு.

— சோறு போட்டா ஊரு கேக்கும், யூசுப் பாய் எதுக்குச் சோறு போடறாருன்னு. தோத்துட்டேன், அதுக்குப் போடறேன்னு மைக்குல சொல்லவா? ஐயோ ரப்பே! வுழுந்துட்டோம்!

— வுழல மாமா, காத்துல பள்ளம்.

— இதுலயுமா பள்ளம்? இத எந்தக் கான்ட்ராக்டர் போட்டான்?

— கெட்டியா உக்காருங்க. மாமா! சகன எதுக்கு வெளிய எடுத்தீங்க?

— மூஞ்சில காத்து அடிக்கிது. மறைக்கிறேன்.

— அது காத்தப் புடிச்சி வண்டிய இழுக்குது! உள்ள வைங்க! கம்பி என் கையில நிக்க மாட்டேங்குது!

— சுஹைப், ஜெகன். மேல ஏதோ பளபளன்னு மின்னுது. டீக்கடையில நிக்கிறவங்க பறக்கும் தட்டுன்னு செல்லுல படம் எடுக்குறாங்க. ஓவர்.

— உண்மையத்தான் சொல்றாங்க மச்சான். நம்ம பாய் தட்டு. மாமா, மறுபடியும் எடுக்குறீங்களே!

— தானா வருதுடா. பையில ஜிப்பு சரியில்ல.

— போச்சி. எதுக்காத்து பாதி, ஒங்க சகன் பாதி, பேட்டரி மொத்தமும் தின்னாச்சி. மீட்டரு செவப்புல நிக்குது. மச்சான், நாம எறங்கறதா இருந்த தேவனாம்பட்டினம் கடக்கர வரைக்கும் வராது. இப்பத்தான் வெள்ளாறு தாண்டி பரங்கிப்பேட்ட மேல இருக்கோம்.

— கண்ணுல பட்ட எடத்துல எறக்கிடு மச்சான். நான் அங்க வந்துடறேன். ஓவர்.

— என்ன எடம்? இந்தப் பக்கம் உப்பங்கழி, அந்தப் பக்கம் எறா குட்ட. சமமா காலியா இருக்கறது ஒரே எடந்தான். எங்கூட்டுக் கொல்ல.

— எவன் வூட்டுக் கொல்ல?

— ஒங்க லாத்தா வூட்டுக் கொல்ல மாமா.

— திட்டம் போட்டுத் தூக்கிட்டு வந்தியா?

— வல்லாஹி இல்ல. நீங்களே மீட்டரப் பாருங்க.

— எறா குட்டையில எறக்கு.

— இவ்ளோ பெரிய பேட்டரியோட குட்டையில எறங்குனா எறாவோட சேந்து நாமளும் வெந்துடுவோம்.

— டேய் ஜெகன், நீ பொதுவான ஆளு, மாதா கோயிலுக்குப் போறவன். நாயமா சொல்லு. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவன், மேலேர்ந்து கொல்லையில எறங்குனா ஆணை முறிஞ்சிடுமா?

— பாய், நான் பூசைக்கே லேட்டாப் போறவன். எங்கிட்டயா தீர்ப்பு கேக்கறீங்க? ஓவர்.

— கேட்டதுக்குச் சொல்லு.

— வாசப்படி வூட்டுக்கு முன்னாடி, கொல்ல பின்னாடி. மொதல்ல மிதிக்கறதும் நீங்க இல்ல, சக்கரம். நான் ஜட்ஜா இருந்தா விடுதலைதான். ஓவர்.

— எழுதிக் குடுப்பானா கேளு.

— மாமா! எறங்கப் போறோம். மோட்டார நிறுத்திட்டேன். இனிமே வெறும் ரெக்கதான்.

— ஏண்டா திடீர்னு இவ்ளோ அமைதியா இருக்குது? செத்து மௌத்தாயிட்டமா?

— இல்ல மாமா, கரண்டு மோட்டாரு. நின்னா கீழ பேசறதுகூடக் கேக்கும்.

— கேக்குது. ஒரு பொம்பள கத்துறா, "பாத்து எறங்குடா"ன்னு.

— உம்மாதான். என்னச் சொல்றாங்க.

— ஒன்ன வாப்பான்னுதான கூப்புடுவா. "டா" எனக்குடா.

— மாமா, அழுவுறீங்களா?

— காத்து. கண்ணுல அடிக்கிது.

— செத்துட்டா சொல்ல முடியாது, இப்பவே சொல்லிடறேன். அன்னிக்கி ஒங்க சகன்ல கறி இருந்துச்சாம். அத்தினியும் நல்லி எலும்பு. பக்கத்துல உக்காந்தவங்க கண்ணு வெக்கக் கூடாதுன்னு உம்மாவே சோத்துக்கு அடியில மறைச்சி வெச்சாங்களாம். நீங்க கையே வெக்காம எழுந்துட்டீங்க.

— ம்.

— சோத்தோடதான தூக்கிட்டுப் போனீங்க?

— சோத்தோடதான்.

— அந்தச் சோறு என்ன ஆச்சி மாமா?

— முன்னாடி பாத்து ஓட்டுடா.

— கொடிக்கயித்த வேற தாண்டணும். கொல்ல நடுவுல கட்டியிருப்பாங்க, கழுத்த அறுத்துடும். எங்க, காணோமே?

— காத்துல போயிருக்கும்.

— ஆடுங்களும் ஒண்ணும் காணோம்.

— மேயப் போயிருக்கும்.

— முருங்க மரத்துல யாரோ செவப்புத் துணி கட்டியிருக்காங்க. காத்து எந்தப் பக்கம்னு நல்லாத் தெரியுது.

— தெரியுதுல்ல? அதப் பாத்து எறக்கு.

— கம்பிய இழுத்து வேகமாத்தான் வருவேன், பயப்படாதீங்க. மெதுவா வந்தா காத்து கவுத்துடும். தரைக்கிட்ட வந்ததும் தள்ளுவேன். கால ஏன் தூக்குறீங்க?

— மொதல்ல சக்கரம் மிதிக்கட்டும். ஜட்ஜு சொன்னான்.

— புடிச்சிக்கங்க! தூக்குது... எறங்குது... தூக்குது... பிஸ்மில்லாஹ்!

— மாதாவே! மச்சான், என்னா சத்தம் அது? ஓவர்!

— சகன் மச்சான். நாங்க நல்லா இருக்கோம். நின்னுட்டோம். மாமா, இப்ப என் இடுப்ப வுடலாம்.

— கொஞ்சம் இருடா.

— அல்லாஹ்வே, ரெண்டு பேரும் முழுசா இருக்கீங்களா?

— உம்மா, மாமா மேல கோவப்படாதீங்க. அவரா வரல. பேட்டரி தீந்துடுச்சி, காத்துதான் கொண்டாந்து போட்டுச்சி.

— அது கெடக்கட்டும் வாப்பா. யூசுபு, என் சகன் எங்கடா?

— இந்தா லாத்தா. ஓரத்துல கொஞ்சம் நெளிஞ்சிருக்குது. ஒம் மவன் மண்ட கெட்டி.

— உம்மா, ஒரு நிமிஷம். கொடிக்கயித்த யாரு அவுத்தது? ஆடெல்லாம் எங்க?

— ஒனக்குத் தெரியாதா வாப்பா? காலையிலயே ஒன் மாமன் போன் போட்டுட்டானே. "லாத்தா, கயித்த அவுத்துடு, ஆட்டக் கட்டிப்போடு, மரத்துல ஒரு துணி கட்டு, கொல்லப்பக்கமா வந்து சம்பந்தம் பேசுறேன். நல்லிய இந்த வாட்டி சோத்துக்கு மேல வெய்யி"ன்னு.