பூங்காவனம் மாற்றிய மென்பொருள்

தலைவர் ராஜரத்தினம் அவர்களே, காஜா பெராங் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, குழந்தைகளை மடியில் அமர்த்திக் கேட்கும் தாய்மார்களே! விடை தெரியாத ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். பாடுபட்டுச் செய்த பொருளை, செய்முறையோடு சேர்த்து, முகமறியாதவர்களுக்கு ஒருவர் ஏன் கொடுத்துவிடுகிறார்?

கட்டற்ற மென்பொருள் அப்படிக் கொடுக்கப்படுவது. எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். சுதந்திரப் பொன்விழா ஆண்டில் நம் ஊரிலும் பரவுகிறது. ஏன்?

"சும்மா கெடைக்குதுல்ல டீச்சர்!" என்கிறார் பின்வரிசை மருதமுத்து. ஐயா, பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் திருட்டு சிடியும் ஏறக்குறைய சும்மாதானே? சிரிக்கிறீர்கள். எல்லார் வீட்டிலும் இருக்கிறது போலும்!

பக்கத்துத் தெங்கேராவில் கடை வைத்து அழைப்பிதழ் அச்சிடும் பூங்காவனம் இதோ அமர்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். போன மாதம் திருட்டு மென்பொருளைப் பிடிக்க அமலாக்க அதிகாரிகள் வருவதாகப் பேச்சு. தெருவெங்கும் கடைக்கதவுகள் இறங்கின. அவரும் விளக்கை அணைத்து உள்ளே உட்கார்ந்தார். வெளியே மணப்பெண்ணின் தாய் அஸ்மா தட்டினார்: "அக்கா, உள்ளதானே இருக்கீங்க? நிக்காஹ் கார்டு என்னாச்சு?"

அதிகாரிகள் வரவில்லை. அஸ்மா வேறு கடைக்குப் போனார்.

சொந்தக் கடையில், சொந்தக் கணினியின் முன், சொந்த வாடிக்கையாளரிடமிருந்து ஒளிவது என்ன பிழைப்பு? கணினியில் இருந்த திருட்டு நகல்களை அழித்தார். கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்.

குறை இல்லையா? உண்டு. வாடிக்கையாளரின் பழைய கோப்புகள் வரி குலைந்து திறக்கின்றன. பலர் விலகிவிட்டார்கள். "நாளைக்கு வர்ற கோயில் வேலையும் போச்சுன்னா, பழைய சிடிதான் டீச்சர்" என்றார். திரும்பினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அச்சமின்றித் தொழில் செய்வதன் சிரமம் முழுவதையும் அவர் ஒருவரே சுமக்க வேண்டுமா? கோப்பு குலைந்தால் சற்றுக் காத்திருங்கள். அந்த மென்பொருளின் நகல் வேண்டுமானால் அவரிடமே கேளுங்கள். கொடுப்பதும் குற்றமில்லை, பெறுவதும் குற்றமில்லை, பெற்றதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் குற்றமில்லை! அண்டை வீட்டாருக்கு உதவுவதைத் திருட்டாக்காத பொருளை, குறையோடு ஏற்பதில் என்ன தாழ்வு?

பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி. அனைவருக்கும் என் வணக்கம்.

*

மறுநாள் நடந்தது இது. கோயில் கோப்பு குலைந்தே திறந்தது. செயலாளர் பொன்னுதுரை, "அவசரம்மா, தப்பா நெனைக்காதே" என்று அடுத்த கடைக்கு நடந்தார். பூங்காவனம் பழைய சிடியைக் கையில் எடுத்த நேரம், மருதமுத்து வந்து இருபுறமும் பார்த்தார்.

"நேத்து டீச்சர் சொன்னாங்களே, அது ஒண்ணு… யாருக்கும் தெரியாம குடும்மா."

பூங்காவனம் சிரித்துவிட்டார். தெருவுக்கே கேட்கும்படி, "ரெண்டா எடுத்துக்குங்க அண்ணே!" என்றார்.

அன்று பழைய சிடியை அவர் போடவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.