மாமன் மடி

டீ போதும் மேடம், காபி வேண்டாம். காபி குடித்தால் எனக்கு நெஞ்சைக் கரிக்கும். முதலில் உன்னைப் பற்றிச் சொல் என்றீர்கள். அது எனக்குப் பழகிய வேலைதான். எங்கள் கம்பெனியில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோர் எதிரிலும் நிறுத்தி, பெயர், குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் சொல்லச் சொல்வார்கள். குழந்தை பிறந்தபோது என்னை மறுபடியும் அப்படி நிற்க வைத்தார்கள். கையில் மைசூர்பாகு டப்பாவோடு நின்று, நான் மாதேஷ், புதிதாக அப்பா ஆகியிருக்கிறேன் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

மூக்கண்டப்பள்ளியில் மாடி வீடு, வாடகை. வண்டிகளுக்கு பிரேக் ஷூ செய்யும் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை என் வேலை. சக்கரத்துக்குள் பிறை மாதிரி இரண்டு துண்டு இருக்கும். அதன்மேல் ஒட்டியிருக்கும் லைனிங் உரசித்தான் வண்டி நிற்கிறது. ஒட்டு சரியில்லாத பீஸைச் சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பார்ப்பதற்கு நல்ல பீஸ் போலவே இருக்கும், சமதரையில் பிடிக்கவும் பிடிக்கும். தொடர்ந்து அழுத்திச் சூடேறினால் மட்டும் உரிந்துவிடும். அப்படிப்பட்டதன் முதுகில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டுப் பூட்டிய பெட்டிக்குள் போடுவோம். என் கையைத் தாண்டிக் கெட்ட பீஸ் ஒன்றும் வெளியே போனதில்லை என்று போன மாதம்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனைவி அருணா. அவளுக்குக் கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் ஊர். மாமனார் இல்லை. மாமியார் செல்வம்மாளும், அருணாவின் தம்பி அஸ்வினும் அங்கே பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். வளர்த்தார்கள் என்று சொல்ல வேண்டும். என் மகன் பெயர் லோகித். இந்தப் பெயரை வைத்ததும் அஸ்வின்தான்.

பொழுதுபோக்கு என்றால் புறா. மொட்டை மாடியில் கூண்டு வைத்திருக்கிறேன். எல்லாம் கரணம் அடிக்கும் புறாக்கள். காலையில் திறந்துவிட்டால் கம்பெனிப் புகைபோக்கிகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் கூண்டுக்கே வந்து இறங்கும். பக்கத்துத் தெருவில் லால் பாஷா என்று ஒரு பெரியவர், அவரும் வளர்க்கிறார். சில சமயம் என் புறா அவர் கூண்டில் இறங்கிவிடும். நல்ல மனிதர், மறுநாளே துணியில் சுற்றிக்கொண்டு வந்து கொடுப்பார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன். அவர் தெருமுனை திரும்பியதும் கழுத்தைத் திருகிப் போட்டுவிடுவேன். கோபத்தில் இல்லை மேடம். ஒரு தரம் வேறு கூண்டில் தானியம் தின்ற புறா பிறகு நம்முடையது இல்லை. அதை வைத்துக்கொண்டால் மற்றதையும் கெடுக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் அருணாவை அழைத்துக்கொண்டு போனார்கள். குழந்தை பிறந்த அன்று எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். நான் போனபோது குழந்தை அஸ்வின் கையில் இருந்தது. அப்பன் நான் இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை, அவன் அதற்குள் தூக்கி வைத்துக்கொண்டு மருமகனே மருமகனே என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். என்னிடம் கொடுத்தான். வாங்கியதும் குழந்தை வீறிட்டு அழுதது. அவன் வாங்கினான், நின்றுவிட்டது. பிறந்த குழந்தை எல்லாம் அப்படித்தான் என்று நர்ஸ் சொன்னாள். மாமியார் மட்டும் சும்மா இருக்காமல், கம்பெனி எண்ணெய் வாசம் புள்ளைக்கு ஒத்துக்கலை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கையைக் கழுவ ஆரம்பித்தேன். சோப்பு, எலுமிச்சைத் தோல், சோடா உப்பு, எல்லாம் போட்டுப் பார்த்தேன். விரல் இடுக்கில் தோல் உரிந்தது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை போய்க் குழந்தையைத் தொட்டால் முகத்தைச் சுளிக்கும், அப்புறம் அழும். அஸ்வின் நாளெல்லாம் உரமும் பூச்சி மருந்தும் தொடுகிறவன். அவன் கையில் போனால் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடங்கிவிடும்.

மூன்றாம் மாதம் அனுப்ப வேண்டியவளை ஐந்தாம் மாதம்தான் அனுப்பினார்கள். கொண்டுவந்து விட்டவனும் அவன்தான். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் மார்க்கெட்டுக்குப் பூ போட வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவனுடைய பழைய பைக் சத்தம் தெருவில் கேட்டாலே லோகித் காலை உதைத்துக்கொண்டு துள்ளுவான். ஒரு நாள் நான் ஷிஃப்ட் முடிந்து படியேறும்போது மேலே என் மகன் சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. அதுவரை அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. படியிலேயே நின்று கேட்டேன். நல்ல சிரிப்பு மேடம். உள்ளே போனேன், நின்றுவிட்டது. சொந்த மகன் சிரிப்பைத் திருட்டுத்தனமாகப் படியில் நின்று கேட்க வேண்டிய அப்பன் இந்த ஓசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அஸ்வின் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் என்னிடம் மரியாதையாகத்தான் இருப்பான். மாமா மாமா என்று காலைச் சுற்றுவான். அதுவும் ஒரு தொந்தரவுதான். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டு வரவிடாமல் செய்திருப்பேன்.

ஏழாம் மாதம் மொட்டை அடித்துக் காது குத்தலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் குலதெய்வம் அஞ்செட்டிப் பக்கம், தேன்கனிக்கோட்டை தாண்டி மலை இறக்கத்தில் இறங்கிப் போக வேண்டும். குழந்தையை என் மடியில் வைத்துக் குத்தலாம் என்று நான் சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன். யார் மடியில் வைத்துக் காது குத்தினாலும் குழந்தை அழும். அந்த ஒரு நாள் அவன் என் மடியில் அழுவதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். அஸ்வின் மடியிலும் அழுவான், அதையும் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் அழமாட்டானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்பன் மடியில வெச்சு எந்த ஊர்ல காது குத்துறாங்க? மாமன் என்ன, செத்தா போயிட்டான்?"

சொன்னதும் வாயில் அடித்துக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமா என் வாயில் என்ன வருது பாரு என்றார். அருணா திட்டினாள். பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாமன் இருக்கிறவரைக்கும் மடி மாமனுடையதுதான்.

அடுத்த வாரம் அஸ்வினே வந்து கேட்டான். மாமா, ரெண்டு பிரேக்கும் கத்துது, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாருங்க என்றான். நானாகக் கேட்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒரு நாள் விட்டுவிட்டுப் போனான். பூட்டிய பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கும். அவன் வண்டிக்குப் பொருந்தும் பீஸ்களை எடுத்து, சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதத்துக்கு அடியில் வைத்துக் கம்பெனி கேட்டைத் தாண்டினேன். சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு சக்கரத்திலும் மாட்டினேன். ஒரு பீஸின் இடுக்கில் பெயிண்ட் பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்ததாக உங்கள் மெக்கானிக் கண்டுபிடித்திருக்கிறார். அது என் கவனக்குறைவு. இத்தனை வருஷம் பரிசோதனையில் இருந்துவிட்டு அதைப் பார்க்காமல் விட்டது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். கெட்ட பீஸ் எல்லாமே உரிந்துவிடும் என்று கிடையாது. சிலது தாங்கும். விதி இருந்தால் அவனுக்கும் தாங்கும் என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எதையும் உடைக்கவில்லை. தள்ள வேண்டியதைத் தள்ளாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அன்று காலை நாங்கள் வேனில் கிளம்பினோம். அஸ்வின் பூ வெட்டி அனுப்பிவிட்டு, மாமன் சீரை எடுத்துக்கொண்டு வண்டியில் வருவதாகச் சொன்னான். வேனில் லோகித்தை நான் மடியில் வைத்திருந்தேன். மத்திகிரி தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்தான். நிற்கவே இல்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒரு கிழவர், அப்பன்கிட்ட இருக்கமாட்டேங்குதே என்றார். தேன்கனிக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். அஸ்வின் பின்னாலேயே வந்து சேர்ந்தான். புது வேட்டி, சந்தன நிறச் சட்டை, வண்டி முன்னால் சீர்ப் பை. வந்து கையை நீட்டினான். அவ்வளவுதான். அழுகை அடங்கிவிட்டது. வேனே சிரித்தது.

திரும்பவும் வேனில் ஏற்றினால் திரும்பவும் அழுகை. அப்போது அருணா இறங்கிவிட்டாள். "நான் தம்பி வண்டியிலயே வரேங்க. காத்துப் பட்டா புள்ள தூங்கிடுவான்" என்றாள். எனக்குப் பதில் சொல்ல நேரம் இல்லாமல் போகவில்லை மேடம். நிறைய நேரம் இருந்தது. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். துண்டால் குழந்தையைத் தன்னோடு சேர்த்துக் கட்டினாள். தலையில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள். நான் டீ கிளாஸோடு நாலடி தள்ளி நின்றிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் குழந்தையை நான்தான் வாங்க வேண்டும். வாங்கினால் அத்தனை பேர் எதிரில் மறுபடியும் அழுவான்.

லோகித் மாமன் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அருணாவும் சிரித்தாள். மூன்று பேரும் ஒரு குடும்பம் மாதிரி இருந்தார்கள். லால் பாஷா துணியில் சுற்றிக் கொண்டுவரும் புறாக்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

அஸ்வின் திரும்பிப் பார்த்து, "மாமா, பிரேக் இப்ப வெண்ணெய் மாதிரி பிடிக்குது. உங்க கை தொட்டா தொட்டதுதான்" என்றான்.

பார்த்துப் போ என்றேன்.

மிச்சம் உங்களுக்கே தெரியும். இறக்கத்தில் மூன்றாவது வளைவுக்கு முன்னால் எங்கள் வேன் டிரைவர், அந்தத் தம்பி ஏன் இப்படிப் போவுது என்றார். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. அவன் பள்ளத்துக்கு விடாமல் வண்டியைப் பாறைப் பக்கம் சாய்த்துத் தன் உடம்பைத் தேய்த்து நிறுத்தியிருக்கிறான். அருணா துண்டு அவிழ்ந்து தெறித்துப் புதரில் கிடந்தாள். இடுப்பெலும்பு போயிற்று, உயிர் இருந்தது. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியினால் இருக்கும்.

வேனிலிருந்து முதலில் இறங்கியவன் நான். அஸ்வின் பாறையில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். காது குத்துவதற்குப் பலகையில் உட்காருவார்களே, அப்படியே. வேட்டியெல்லாம் சிவப்பு. தவழ்ந்து போய்ப் பிள்ளையை எடுத்து மடியில் வைத்திருக்கிறான். லோகித்துக்கு ஒரு கீறல் இல்லை. மாமன் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கேயும் அவன் அழவில்லை.

"மாமா, புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. வாங்கிக்குங்க" என்றான் அஸ்வின். அதுதான் கடைசி. நான் குனிந்து வாங்கினேன். பித்தானிலிருந்து விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. வாங்கியதும் அழ ஆரம்பித்தான்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் நீங்கள் பெரிய மனசு வைத்துச் செய்ய வேண்டும். காது குத்து அப்படியே நின்றுபோயிற்று. ஒன்பதாம் மாதம் எப்படியும் குத்தித்தான் ஆக வேண்டும். இனிமேல் மாமன் இல்லை. ஒரு நாள், போலீஸ் காவலோடுகூடப் போதும், என்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். இந்தத் தரம் அழமாட்டான். அன்றைக்கு அழுதது பயத்தில்.

இங்கே வந்ததிலிருந்து நான் எண்ணெயைத் தொடவில்லை, பீஸைத் தொடவில்லை. இந்தாருங்கள், கையை முகர்ந்து பாருங்கள். ஒரு வாசமும் இல்லை.