கல்லடிப் பாலத்தில தனிய இறங்கினவ

இந்த ஊர்ல நேரத்துக்கு ஒரு பஸ் வருதாகா? எவ்வளவு நேரமா இந்த வாங்கில குந்திக்கிட்டு இருக்கன். அந்தப் பைய மடியில வைங்க புள்ள, நானும் கொஞ்சம் சரிஞ்சு இருப்பம். நான் பெரியகல்லாறு, பேர் சீதேவிப்பிள்ளை. டவுனுக்குத் தனிய வந்தது இண்டைக்குத்தான். அதுவும் ஒரு காணியப் பார்த்து நொட்டை சொல்லிட்டுப் போக வந்தன்.

எங்கட வழமை தெரியும்தானே, கலியாணத்துக்குப் பொண்ணுக்கு வீடு குடுக்கணும். எங்கட வீட்டச் சுனாமி கொண்டு போச்சு. ஆறு வருசமா வெறும் அத்திவாரம் கிடக்கு. அதுக்கு மேல கட்டித் தாறன் எண்டா, என்ட மகள் யசோதினி, கடலுக்குப் பக்கத்தில படுக்கமாட்டன், டவுன்ல வாவிக்கரையில ஒரு காணி இருக்கு, போய்ப் பாருங்க எண்டு ஒரே பிடி.

மறுகா கேளுங்க. இண்டைக்கு வரக்குள்ள கல்லடிப் பாலத்தடியில பஸ் நிண்டுது. நான் அடையாள அட்டையும் கையுமா டக்கெண்டு இறங்கிட்டன். சண்டைக் காலத்துப் பழக்கம்... இறங்கி, அட்டையக் காட்டி, நடந்து அங்கால போய் ஏறுறது. திரும்பிப் பார்த்தா வேற ஒருத்தரும் இறங்கல்ல. ஆமிக்காரனும் இல்ல. பஸ்சும் இல்ல. அட்டையப் பார்க்க ஒரு காகம்தான் நிண்டுது.

பின்ன என்ன, நடந்தன். முந்தியெல்லாம் அந்தப் பாலத்தில முன்னுக்குப் போறவன்ட குதிக்காலப் பார்த்துத்தான் நடக்கிறது. இண்டைக்கு நடுவில நிண்டு பார்த்தன் புள்ள. ரெண்டு பக்கமும் தண்ணி, அலையே இல்ல. ஆறு வருசத்துக்குப் புறகு தண்ணியப் பார்த்துப் பயப்படாம நிண்டன். அழுகையும் வந்திட்டு.

தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தவரு, இதுக்குள்ள மீன் பாடும் எண்டாரு. பாடினாலும் சொதி வைக்கத்தானே போறம் எண்டன். மறுகா மாதா கோயிலுக்குள்ள கொஞ்சம் இருந்தன். ஃபேன் ஓடுது புள்ள. எங்கட பிள்ளையார் பாவம், வேர்த்து வடியிறாரு.

காணியா? பார்த்தன். பார்த்திட்டு யசோதினிக்கு போன் எடுத்து, வேலி கோணல், கிணத்தில பாசி, நுளம்புக் கடி எண்டு அடுக்கினன். வந்த வேலைய முடிக்கத்தானே வேணும். சரியம்மா, கல்லாத்திலயே கட்டுவம் எண்டாள். அவள்ட குரலே செத்துப் போச்சு.

இந்தா, எங்கட கல்லாத்தால போற கல்முனை பஸ் வந்திட்டு. போங்க போங்க, இடம் பிடிங்க. நான் வரல்ல. இதோட மூணாவது பஸ், நான்தான் விட்டுக்கிட்டு இருக்கன். எந்த முகத்தோட வீட்ட போறது?

ஹலோ, யசோ? அம்மாதான்... கிணத்தில பாசி எண்டன்தானே? பாசிய வழிச்சா நல்ல தண்ணி, மகள்.